தாவணிக் கயிறு: மதுரை மேடை வளர்த்த கலைவகைகள்

மதுரை மாநகரின் வடகிழக்கில் உள்ள மாட்டுத்தாவணி இன்று பேருந்து நிலையத்தின் பெயராகவே அறியப்படுகிறது. மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீண்ட கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். அக்கயிறு கட்டப்பட்ட மாட்டுச் சந்தையும் அப்பெயரே பெற்றது. 1999-இல் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் அங்கே அமைந்தபோது சந்தையின் பெயர் நிலையத்துக்கு ஆயிற்று. பின்னர் அதற்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்ட பிறகும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

தாவணியில் மாடு வாங்க வருபவன் கயிற்றின் நெடுகிலும் நடந்து பார்க்கிறான். உழவுக்கு உரியது எது, வண்டிக்கு உரியது எது, கறவை எது என்று இனங்கண்டு விலை பேசுகிறான். ஒரே கயிற்றில் நிற்பதால்தான் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடிகிறது. கலைகளில் 'வகை' என்பதும் இத்தகையதொரு கயிறே. புராணப் படம், சமூகப் படம், வானொலி நாடகம், பட்டிமன்றம், விளம்பரப் பாடல் என்னும் பெயர்கள் படைப்போனுக்கும் நுகர்வோனுக்கும் இடையே முன்கூட்டியே எழுதப்படாத ஓர் உடன்பாட்டைச் செய்துவைக்கின்றன. வகை என்பது என்ன சொல்லப்படும் என்பதைப் பற்றிய உடன்பாடு. வடிவம் என்பது எந்த வரிசையில், எவ்வளவு நேரத்தில், யார் யார் வழியாகச் சொல்லப்படும் என்பதைப் பற்றிய உடன்பாடு. இவ்விரண்டும் சென்னைப் படப்பிடிப்புக் கூடங்களிலோ வானொலி நிலையங்களிலோ திடீரெனத் தோன்றியவை அல்ல. அவற்றுள் பலவற்றுக்கு மதுரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் நாற்றங்காலாக இருந்தன. மதுரை பல வகைகளைத் தந்தது. பிற்காலத்தில் மதுரையே ஒரு வகையாக்கப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது.

இலக்கணம் கண்ட வகைகள்

வகைப்படுத்திப் பார்க்கும் அறிவு தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் நூல்களின் வனப்பை எட்டாகப் பிரிக்கிறது. அவற்றுள் மூன்று இங்கே கருதத்தக்கவை. பழங்கதை பற்றி வருவது 'தொன்மை'. வழக்குச் சொல்லால், ஆராய வேண்டாது பொருள் விளங்கச் செய்வது 'புலன்'. இதற்கு உரையாசிரியர் நாடகச் செய்யுளை எடுத்துக்காட்டினர். புதிதாகப் புனையப்படுவது 'விருந்து'. புதிய வடிவத்துக்கு விருந்து என்று பெயரிட்டதில் நுட்பமான பண்பாட்டு நோக்கு உண்டு. அது வாசலில் வந்து நிற்கும்போது அயலது. உள்ளே அழைத்து உணவிட்டபின் உறவாகிவிடுவது.

மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் 1870-இல் பிறந்த பரிதிமாற் கலைஞர், 1897-இல் 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலைச் செய்யுளில் இயற்றினார். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் முயற்சியால் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் வெளியீடாக 1926-இல் விபுலானந்த அடிகளின் 'மதங்க சூளாமணி' வந்தது. சேக்சுபியரின் நாடகங்கள் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு, வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ் மரபையும் இணைத்து நாடக உறுப்புகளை ஆராய்ந்த நூல் அது.

இப்புலமை முயற்சிகள் பெருமைக்குரியவை. ஆயினும் இவை நடந்த அதே காலத்தில், அதே நகரின் கொட்டகைகளில், ஏட்டில் எழுதப்படாத மற்றொரு நாடக இலக்கணம் இரவுதோறும் செயற்பட்டுக்கொண்டிருந்தது. அதன் ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்.

ஒத்திகை இல்லாத நாடகம்

1867-இல் பிறந்த சுவாமிகள், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக நாடகம் பயின்றது அச்சபையில்தான். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய நாடகங்களைச் சுவாமிகள் பாட்டும் உரையாடலுமாக வகுத்தளித்தார். 1922-இல் அவர் மறைந்தார். ஆனால் அவர் வகுத்த பாடங்கள் நடிகர்களின் நெஞ்சில் நின்றன. அந்த மனப்பாடமே 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் விந்தையான வடிவத்துக்கு அடித்தளமாயிற்று.

ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு இல்லை. இயக்குநர் இல்லை. ஒத்திகையும் இல்லை. கோயில் திருவிழா நடத்தும் ஊரார் ராஜபார்ட் ஒருவரையும், ஸ்திரீபார்ட் ஒருவரையும், பபூனையும், நடனப் பெண்ணையும், ஆர்மோனியக்காரரையும் தாளக் கலைஞர்களையும் தனித்தனியே அமர்த்துகின்றனர். வெவ்வேறு ஊர்களிலிருந்து பேருந்தேறி வரும் இவர்கள், சில வேளைகளில் மேடைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்திக்கின்றனர். இரவு பத்து மணி அளவில் தொடங்கும் ஆட்டம் விடியும்வரை பிசகின்றி நடக்கிறது. அவர்களைச் சேர்த்துக் கட்டுவது வடிவம் ஒன்றே. முன்னிரவில் பபூனின் நகைச்சுவையும் நடனமும், அதன்பின் கதை, கதையின் நடுவே தர்க்கம், விடியலில் மங்களம். இந்த ஒழுங்கை நடிகரும் அறிவர், மணலில் அமர்ந்திருக்கும் பாட்டியும் அறிவாள். வள்ளியிடம் நாரதர் என்ன கேட்பார் என்பது அவளுக்குத் தெரியும். இன்றிரவு அதை எப்படிக் கேட்பார் என்பதைக் காணவே அவள் விழித்திருக்கிறாள்.

வகை என்பது சலிப்பூட்டும் மறுபதிப்பு என்று கருதுவோர்க்கு இந்நாடகம் தக்க விடையாகும். முடிவு தெரிந்த கதையில்தான் நடிகனின் திறமை முழுமையாக வெளிப்படுகிறது. அன்றியும், பார்ப்போர் வடிவத்தை அறிந்திருப்பதால் அவர்களால் கேள்வி கேட்க முடிகிறது. பாட்டில் சுருதி பிசகினாலும், தர்க்கத்தில் விடை சறுக்கினாலும், கூட்டம் அந்த இடத்திலேயே குரல் கொடுத்துவிடும்.

எனினும் இவ்வடிவத்தைக் காத்தவர்களுக்குச் சமூகம் அளித்த பெயர் 'கூத்தாடி' என்பதே. சிறப்பாக நடிகைகள், பிற ஆடவருடன் மேடையேறுவதாலும் இரவில் பயணம் செய்வதாலும் இழிசொல்லுக்கு ஆளாயினர். மதுரையில் தங்கி இக்கலைஞர்களின் வாழ்வை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005-இல் வெளியிட்ட தம் நூலில் இந்த இழுக்கையே மையப் பொருளாகக் கொண்டார். வடிவங்களைப் பிற ஊடகங்கள் எடுத்துக்கொண்டன. இழிசொல் மட்டும் மேடையில் தங்கிவிட்டது.

மூன்று நிமிட இசைத்தட்டு

மேடையின் முதல் விருந்தாளி இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான ஒலியே அடங்கும். இரவு முழுவதும் விரித்துப் பாடிய நாடகப் பாடகர்கள் அந்த எல்லைக்குள் தங்கள் பாட்டைச் சுருக்க வேண்டியதாயிற்று. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் குரல்கள் கொட்டகையை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்தது இவ்வாறே. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு 1926-இல், அவருடைய பத்தாம் வயதில் பதிவாயிற்று. கருவியின் குறைபாடு ஒரு வடிவத்தின் அளவாக மாறியது. பிற்காலத் திரைப்பாடல் ஏறத்தாழ அந்த அளவிலேயே நிலைபெற்றது.

பேசும்படம் பெற்ற சீர்

1931 அக்டோபர் 31-இல் வெளியான 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும்படம் எனப் போற்றப்படுகிறது. எச்.எம். ரெட்டி இயக்கிய அப்படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். பாடல்கள் இயற்றியவர்களுள் தலையாயவர் மதுரகவி பாஸ்கரதாஸ். நாடக நடிகர்களுக்கு எண்ணற்ற பாடல்களை எழுதிக்கொடுத்தவர். காளிதாசனின் கதைக்கும் தேசபக்திப் பாட்டுக்கும் தொடர்பு என்ன என்று இன்றைய விமரிசகர் வினவக்கூடும். ஸ்பெஷல் நாடகம் கண்டு பழகிய அன்றைய பார்வையாளர் அவ்வாறு வினவவில்லை. புராண வேடத்தில் வந்தவர் கதையை நிறுத்திவிட்டு விடுதலைப் பாட்டுப் பாடுவதை அவர்கள் விஸ்வநாததாஸ் போன்றோரின் மேடைகளில் கண்டிருந்தனர். ஒரு வடிவத்தின் விதியை அறியாமல் மதிப்பிட்டால் அதன் மரபே குறையாகத் தோன்றும் என்பதற்கு இது சான்று. அப்படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை. பெயரும் விளம்பரமும் பாட்டுப் புத்தகமுமே எஞ்சியுள்ளன.

தொடர்ந்து 1933-இல் 'வள்ளி திருமணம்', 1934-இல் 'பவளக்கொடி' ஆகியன திரைக்கு வந்தன. எம்.கே. தியாகராஜ பாகவதரின் முதற்படமான பவளக்கொடியில் ஏறக்குறைய ஐம்பது பாடல்கள் இருந்தன. ஓரிரவு நாடகம் அப்படியே ஒளிநாடாவில் ஏறியது என்றே கொள்ளலாம். 1935-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த 'மேனகா', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிச் சமகாலக் குடும்ப வாழ்வைக் காட்டியது. சமூகப் படம் என்னும் பெயருக்கு அப்போதுதான் பொருள் பிறந்தது; அதற்கு எதிராகவே பழையவை புராணப் படம் என்று பிரித்தறியப்பட்டன. தாவணியில் இரண்டாவது இனம் வந்து கட்டப்பட்ட பிறகுதானே முதலாவதற்கும் தனிப்பெயர் தேவைப்படுகிறது!

பபூனும் திரைக்குச் சென்றான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து காளி என். ரத்தினமும், டி.கே.எஸ். குழுவிலிருந்து என்.எஸ். கிருஷ்ணனும் திரைக்கு வந்தனர். மையக் கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் ஓடும் தனி நகைச்சுவைப் பகுதி தமிழ்ப்படத்தின் நிலையான உறுப்பாயிற்று. 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் நிகழ்த்திய வாழைப்பழ வாதம் வரையில் அந்தக் கிளை தழைத்தது. அதே ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாக வேடமிட்டவர்தான் இன்று மாட்டுத்தாவணி நிலையத்தின் பெயர்ப்பலகையில் இருக்கும் எம்.ஜி.ஆர்.

காதுக்கு ஒரு சித்திரம்

சென்னையில் 1938 ஜூன் 16-இலும் திருச்சிராப்பள்ளியில் 1939 மே 16-இலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கப்பெற்றன. வானொலி தன் வகைகளுக்கு இட்ட பெயர்களைக் கவனிக்க வேண்டும்: உரைச்சித்திரம், இசைச்சித்திரம், ஒலிச்சித்திரம். கண்ணுக்கு எதுவும் காட்ட இயலாத ஓர் ஊடகம் எல்லாவற்றையும் சித்திரம் என்றே அழைத்தது! திரைப்படத்தின் ஒலித்தடத்தை ஒருமணி நேர அளவுக்குச் சுருக்கி ஒலிபரப்பிய ஒலிச்சித்திரம், படத்தைக் காணாதவர்க்கு அதைக் காதால் காட்டியது. கண்டவர்க்கு நினைவால் மீட்டுத் தந்தது.

பி.வி. கேஸ்கர் ஒன்றியச் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த 1950-களில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. தமிழக நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். கடல் கடந்து வந்த அந்த அலைவரிசை தென்மாவட்டத் தேநீர்க் கடைகளில் நாள்முழுதும் ஒலித்தது. இழந்த நேயரை மீட்க 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதி தோன்றியது. கலைவகைகளை மேலிருந்து விலக்கினால் நேயர்கள் அலைவரிசையை மாற்றிக்கொள்வர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது வளர்த்த 'பாட்டுக்குப் பாட்டு', ஓர் எழுத்தைக் கொடுத்து அதில் தொடங்கும் பாடலைப் பாடச்செய்யும் எளிய ஆட்டம். பின்னர் அது சன் தொலைக்காட்சிக்கு வந்தபோது, நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்த நகைக்கடையின் பெயர் தலைப்பின் முன்னே ஒட்டிக்கொண்டது. வடிவம் ஊர் மாறியது, ஊடகம் மாறியது, ஆட்டவிதி மாறவில்லை.

வழக்காடும் சுவை

தமிழர் மிக விரும்பும் வடிவம் வழக்காடல். பாண்டியன் அவையில் சிலம்பேந்தி நின்று கண்ணகி வழக்குரைத்தது மதுரையில்தான். ஸ்பெஷல் நாடகத்தின் உயிர்நாடி தர்க்கம். 1952 தீபாவளியன்று, 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் மதுரையில் தங்கம் திரையரங்கம் திறக்கப்பட்டபோது முதலில் திரையிடப்பட்ட 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியாலேயே நினைக்கப்படுகிறது. இன்று அத்திரையரங்கம் இல்லை. அக்காட்சியின் வசனம் இருக்கிறது. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று நேரே பிறந்தவை என்று சாதிக்க வேண்டியதில்லை. ஒரே சுவையே இவை அனைத்தையும் பேணி வளர்த்தது எனல் பொருந்தும்.

அச்சுவையின் மற்றொரு வடிவம் பட்டிமன்றம். பட்டிமண்டபம் என்னும் சொல் சிலம்பிலும் மணிமேகலையிலும் உண்டு. காரைக்குடிக் கம்பன் கழகம் முதலிய மேடைகளில் குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக இருந்து அதனை இலக்கிய ஆராய்ச்சிக் களமாக்கினர். மதுரை அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் சாலமன் பாப்பையா அதை மதுரைப் பேச்சுத் தமிழில் மக்களிடம் கொண்டுசென்றார். 1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சியும், 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சியும் தோன்றின. பண்டிகைக் காலைகளில் சின்னத்திரையில் பட்டிமன்றம் நிலையான இடம் பெற்றது. ஆதாயமும் இழப்பும் இதில் ஒருங்கே உள்ளன. இலக்கியப் பாத்திரங்களைப் பற்றிய வினாக்கள் பின்னே செல்ல, கணவனா மனைவியா என்னும் குடும்ப வினாக்கள் முன்னே வந்தன. மூன்று மணி நேர வாதம் விளம்பர இடைவேளைகளுக்கு ஏற்பத் துண்டாயிற்று. ஆனால் கல்லூரி வாயிலை மிதியாத பெண்களும் நடுவரின் தீர்ப்பை வீட்டில் இருந்தே மறுத்துப் பேசினர். தர்க்கத்தின் பயன் அங்கே வீணாகவில்லை.

விளம்பரம் என்னும் மெய்க்கீர்த்தி

விளம்பரமும் ஒரு கலைவடிவமே. மாட்டுவண்டியில் தட்டி கட்டி, தப்பட்டையும் பேண்டும் முழங்க நோட்டீசு வீசிச் சென்ற காலத்தில், ஓடிப்போய் அதைப் பொறுக்குவதே சிறுவர்க்குத் திருவிழா. படக்கதையை முழுவதும் சொல்லாமல் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்த பாட்டுப் புத்தகம் மற்றொரு வடிவம். 1967 நவம்பரில் மும்பை, புனே, நாகபுரி நிலையங்களில் விவித் பாரதி விளம்பர ஒலிபரப்பைத் தொடங்குவதற்கு வெகுமுன்பே தமிழ் நேயர்கள் இலங்கை வானொலி வழியாக விளம்பரத்தை இரசிக்கப் பழகிவிட்டனர். மதுரையின் கோபால் பல்பொடிக்கு, அது விற்கும் நாடுகளின் பெயர்களை அடுக்கிச் சொன்ன விளம்பரம் பலருக்கு மனப்பாடம். வென்ற நாடுகளை வரிசைப்படுத்தும் அரசர்களின் மெய்க்கீர்த்தி மரபே பல்பொடிக்கும் கைகொடுத்தது போலும்!

சுவரொட்டியில் மதுரைக்கு நிகர் மதுரையே. திரைப்பட விளம்பரத்தின் எழுத்தும் வண்ணமும் அடைமொழியும் காதணி விழாவுக்கும் திருமணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் இடம்பெயர்ந்தன. அரண்மனையிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து தெருவுக்கும் பெருமிதமொழி இறங்கி வந்தது. சுவரில் இடமே கிடைக்காத எளியவனும் தன் மகளின் காதணி விழாவன்று ஒரு நாள் நாயகனாக முடிந்தது.

ஊரே வகையாதல்

இவ்வாறு வகைகளை வளர்த்த மதுரையைத் திரைப்படம் எவ்வாறு காட்டியது? 1965-இன் 'திருவிளையாடல்' மதுரையைத் தெய்வமும் புலவனும் வழக்காடும் தமிழ்ப் பேரவையாகக் காட்டியது. 1977-இல் பாரதிராசாவின் '16 வயதினிலே' படப்பிடிப்புக் கூடத்தை விட்டுத் தமிழ்ப்படத்தை வயல்வெளிக்குக் கொண்டுசென்று கிராமியப் படம் என்னும் வகைக்கு வலிமை தந்தது. 2004-இல் 'காதல்', 2007-இல் 'பருத்திவீரன்', 2008-இல் 'சுப்பிரமணியபுரம்' ஆகியன மதுரை வட்டாரத்தின் பேச்சையும் தெருவையும் சாதிக் கொடுமையையும் முன்னில்லாத நேர்மையோடு பதிவு செய்தன.

இப்படங்கள் தனித்தனியே சிறந்தவை. தீங்கு அவற்றின் வெற்றியைப் பின்பற்றி வந்த கூட்டத்தால் நேர்ந்தது. அரிவாள், முறுக்கிய மீசை, குலப்பெருமை, உரத்த வட்டாரப் பேச்சு ஆகியன மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு 'மதுரைப் படம்' என்னும் வாய்பாடாயின. மூலப்படங்கள் துயரமாகக் காட்டிய வன்முறையை வாய்பாடு வீரமாகக் காட்டியது. மதுரையைக் கண்ணால் காணாதவர்க்கும் மதுரை என்றவுடன் அரிவாள் நினைவுக்கு வரலாயிற்று. பாவலரும் பாடகரும் பேராசிரியரும், சௌராட்டிர நெசவாளரும், பூச்சந்தைப் பெண்களும் வாழும் ஊர் ஒரே கயிற்றில் ஒரே இனமாகக் கட்டப்பட்டது. அதனினும் கொடியது ஒன்றுண்டு. சாதிப் பெருமிதம் வகையின் அலங்காரமாகும்போது, அதனால் அடிபட்டவன் கதையிலிருந்தே மறைந்துபோகிறான்.

மேடைக்கும் திரைக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் தெளிவாகிறது. ஸ்பெஷல் நாடகத்தில் பொய் சொன்னால் மணலில் இருந்தவர் எழுந்து கேட்பர். திரைக்கு அந்தக் காது இல்லை. ஆகவே விடை மற்றொரு படமாகவே வர வேண்டியிருந்தது. 2018-இல் மாரி செல்வராசின் 'பரியேறும் பெருமாள்', தென்மாவட்டக் கிராமியப் படத்தின் அதே வயலையும் நாயையும் கல்லூரியையும் எடுத்துக்கொண்டு, அடிபட்டவன் நிற்கும் இடத்திலிருந்து அவற்றைக் காட்டியது. வகையைத் துறக்காமலே அதன் பார்வையைத் திருப்ப முடியும் என்று அது நிறுவியது. தொல்காப்பியர் சொன்ன விருந்து அதுவே.

வகைகளை அறிதல் பொழுதுபோக்கான கல்வி அன்று. எது ஊரின் வரலாறு, எது வாய்பாட்டின் பழக்கம் என்று பிரித்தறிய அதுவே கருவி. அக்கருவியைச் செய்தவர்களின் சான்றுகளோ வேகமாக அழிந்துவருகின்றன. நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' முதலிய மௌனப் படங்கள் போயின, காளிதாஸ் போயிற்று. நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டுகள், நடிகர்களின் கைப்பட எழுதிய பாட ஏடுகள் ஆகியன இன்னும் சில வீடுகளின் பரண்களில் உள்ளன. அவற்றைத் திரட்டிக் காப்பது இலக்கிய அமைப்புகளால் இயலாத செயல் அன்று.

திருவிழாக் காலங்களில் மாட்டுத்தாவணியில் நள்ளிரவுப் பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தில், ஆர்மோனியப் பெட்டியோடும் ஒப்பனைப் பெட்டியோடும் சிலரைக் காணலாம். எந்த ஊருக்கு, யாருடன் நடிக்கப் போகிறார்கள் என்பது அவர்களுள் சிலருக்கே முழுமையாகத் தெரிந்திராது. வடிவம் தெரியும், அது போதும் என்று ஏறிச் செல்கின்றனர். அந்த நிலையத்தில் மாடு கட்டிய கயிறு என்றோ அவிழ்ந்துவிட்டது. இவர்களைப் பிணைத்த கயிறு அவிழாமல் இருக்கிறது.